காசிமேட்டில் தடைக்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலம் நெருங்கும்போது, சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பங்குனி கடைசியிலேயே இந்தக் கேள்விகள் ஆரம்பித்துவிடும். மீன் வாங்க வருபவர், படகில் முதலீடு போட்டவர், புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, எண்ணைப் பார்த்துப் பின்னால் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. தடைக்காலம்னா துறைமுகத்தையே மூடிடுவாங்களா?

இல்லை. கடலுக்குப் போகக் கூடாதது விசைப்படகுகள் மட்டும்தான். ஏலக்கூடம், ஐஸ் கடை, மீன் வெட்டும் இடம், டீக்கடை எல்லாம் திறந்தே இருக்கும். கண்ணாடியிழையால் செய்த சிறிய பைபர் படகுகள் தினமும் போய் வரும். கூட்டம் குறையுமே தவிர வேலை குறையாது. கடலில் நடந்த வேலை கரைக்கு வந்துவிடும், அவ்வளவுதான்.

2. தேதி வருஷா வருஷம் மாறுமா? முன்ன 45 நாள்னு சொன்னாங்களே?

மாறாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். சித்திரைப் புத்தாண்டு கொண்டாடி முடிக்கிற அந்த நள்ளிரவில் தொடங்கி, ஆனி பிறக்கும் நேரத்தில் முடிகிறது. அதாவது சித்திரை, வைகாசி இரண்டும் முழுசாகப் போய்விடும். 2001-இல் தொடங்கியபோது மே 29 வரை 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 ஆனது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன் கீழ்தான் அரசு இதை அறிவிக்கிறது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தேதி வேறு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்து விசைப்படகுகளும் ஜூனில்தான் நிற்கும். இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள், 5-ஆம் கேள்விக்கு இதுதான் பாதி பதில்.

3. பைபர் படகு மட்டும் போகலாம்னா அது நியாயமா?

பைபர் படகும் கட்டுமரமும் செவுள் வலையும் தூண்டிலும் வைத்துத் தொழில் செய்பவை. வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பார்கள், கண்ணி அளவுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும். விசைப்படகுகளின் இழுவலை அப்படியல்ல. இரண்டு பலகைகள் தரையோடு உராய்ந்து வாயை விரித்துப் பிடிக்க, வழியில் இருக்கும் குஞ்சு, சினை, சிப்பி எல்லாவற்றையும் மடிக்குள், அதாவது வலையின் பைபோன்ற கடைசிப் பகுதிக்குள், வாரிக்கொண்டு வரும். தடை குறிவைப்பது இந்த வேலையைத்தான். அதனால் பாரம்பரியப் படகுகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

நியாயம் பற்றிக் கேட்டால், இரண்டு பக்கமும் பேச்சு உண்டு. மற்ற பத்து மாதமும் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற விதி சரியாகக் காக்கப்பட்டால் பாதி சண்டை இல்லாமல் போகும் என்பது எங்கள் எண்ணம்.

4. எல்லா மீனும் இந்த ரெண்டு மாசத்துலதான் முட்டை போடுதா?

கிடையாது. நம் வெப்பக் கடலில் பல மீன்கள் ஆண்டில் நீண்ட காலம் சினை பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் உச்சம் வேறு வேறு மாதம். இந்த இரண்டு மாதத்தில் சினையோடு இருப்பவை காப்பாற்றப்படும், அதற்கு முன்பே பொரித்த குஞ்சுகளுக்கு வளர அவகாசம் கிடைக்கும், கடல் தரை 61 நாள் கலங்காமல் கிடக்கும். பலன் இந்த மூன்றும் சேர்ந்துதான். "தடை இருந்தும் ஐப்பசியில் சினை மீன் வருகிறதே" என்பது தடைக்கு எதிரான வாதம் ஆகாது.

5. தடைன்னு சொல்றீங்க, ஆனா மார்க்கெட்டுல வஞ்சிரம் கிடக்குதே, எங்கேருந்து வருது?

நான்கு வழி. ஒன்று, நம் பைபர் படகுகள் பிடிப்பது: நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி, நண்டு, தூண்டிலில் சங்கரா, பெரிய கண்ணி வலையில் கொஞ்சம் வஞ்சிரமும் சீலாவும். இரண்டு, மே முடியும் வரை மேற்குக் கரையிலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வருவது. மூன்று, பங்குனியிலேயே வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் உறையவைத்தது. நான்கு, வளர்ப்பு: வெனாமி இறால், பண்ணைக் கொடுவா, ஆந்திரத்திலிருந்து வரும் கட்லா, ரோகு.

ஜூன் முதல் இரண்டு வாரம்தான் மிக நெருக்கடியானது. அப்போது மேற்கும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கும், கிழக்கும் திறந்திருக்காது. வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது அந்த நாட்களில் சாதாரணம். விருந்து வைக்க வேண்டியிருந்தால் அந்தப் பதினைந்து நாளில் வஞ்சிரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். காலையில் பைபர் படகு இறக்கும் கானாங்கெளுத்தி அதைவிடப் புதிது, விலையும் பல மடங்கு குறைவு.

6. லாரி மீனா, இன்னைக்குப் பிடிச்சதான்னு எப்படித் தெரியும்?

செவுள் சிவப்பை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். கண்ணைப் பாருங்கள்: புடைத்துக் கருமணி தெளிவாக இருந்தால் புதிது, குழிந்து பால் படிந்தாற்போல் இருந்தால் நாளாகிவிட்டது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். வயிற்றைத் தொடுங்கள். மத்தியும் கானாங்கெளுத்தியும் முதலில் வயிற்றில்தான் கெடும், இளகி வெடித்திருந்தால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். சங்கரா புதிதாக இருக்கும்போது இளஞ்சிவப்பு பளீரென்று இருக்கும், நாளாக ஆக வெளுக்கும். கடம்பா (கணவாய்) நேர்மாறு. புதிதில் சதை கண்ணாடி வெள்ளை, தோலில் பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். புள்ளி கரைந்து சதையே ரோஸ் நிறமானால் பழையது. நண்டைக் கையில் தூக்குங்கள், அளவுக்கு மீறிக் கனமாக இருக்க வேண்டும்.

லாரி மீன் என்றாலே கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எடைக்கு எடை ஐஸ் போட்டு, நடுவில் ஐஸ் மாற்றி வந்த மீன், நம் கரையிலேயே காலை ஆறு மணிக்கு இறங்கிப் பத்து மணி வரை வெயிலில் கிடந்த மீனைவிட நன்றாக இருக்கும். மீன் கெடாமல் இருக்கக் கலக்கும் பார்மலின் என்ற ரசாயனம் பற்றிச் சந்தேகம் இருந்தால் முகர்ந்து கண்டுபிடிக்க முயல வேண்டாம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. மீன்மேல் பட்டையைத் தேய்த்து, மருந்து ஒரு சொட்டு விட்டு, நிறம் பார்க்க வேண்டியதுதான்.

7. ஏலத்துல நாங்களும் நேரா வாங்கலாமா? எத்தனை மணிக்கு வரணும்?

வாங்கலாம், ஆனால் கூடைக் கணக்கில்தான். ஏலம் கூடைக்கும் குவியலுக்கும் விடப்படும், தராசு அங்கே வராது. கூடையில் மேலே பெரியதும் அடியில் சிறியதும் இருக்கும், ஐஸும் சேர்ந்திருக்கும். கண்ணளவில் எடை மதிக்கத் தெரியாதவர் கை தூக்கினால் நஷ்டம்தான். மற்ற மாதங்களில் நள்ளிரவு தாண்டியதுமே ஏலம் சூடு பிடிக்கும். தடைக்காலத்தில் பைபர் படகு கரைக்கு வரும் நேரத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் விடிந்த பிறகு.

வீட்டுக்கு ஒன்றிரண்டு கிலோ போதுமென்றால், ஏலத்தில் எடுத்துக் கூறு கட்டி விற்கும் அக்காக்களிடம் வாங்குவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தால் விலையும் இறங்கும், பேசவும் நேரம் இருக்கும். மூடி உள்ள டப்பாவும் ஐஸும் எடுத்து வாருங்கள். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் பஸ் ஏறினால் 6-ஆம் பதிலில் பார்த்த பரிசோதனை எல்லாம் வீண்.

8. படகெல்லாம் சும்மாதானே நிக்குது, அப்புறம் ஏன் ஆளே கிடைக்கல?

ஒரு விசைப்படகுக்கு ஆண்டு முழுதும் தள்ளிப்போட்ட வேலை இந்த 61 நாளில் முடிய வேண்டும். எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் தச்சர், வெல்டர், பெயின்டர், மெக்கானிக் தேவை. கரையேற்றும் மேடையில் இடத்துக்கு வரிசை. பங்குனியிலேயே சொல்லிவைக்காதவர் வைகாசி வரை காத்திருக்க வேண்டும்.

கரையேற்றிய அன்றே, அடிப்பாகம் ஈரமாக இருக்கும்போதே, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் வெயிலில் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மேலே உள்ள ஓடு உடையும், வட்டமான அடித்தட்டு மட்டும் மரத்திலேயே நிற்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் முதல் பயணத்திலேயே உரியும். சுரண்டியதும் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பலகை பலகையாகச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. 'தொப்' என்று வந்தால் உள்ளே கடல்புழு துளைத்திருக்கிறது அல்லது மக்கியிருக்கிறது. அங்கே ஆணியால் குத்திப் பார்த்து, நல்ல மரம் வரும் வரை வெட்டி எடுத்துப் புதுப் பலகை போட வேண்டும்.

பிறகு கலப்பத்து. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துத் திணித்து மேலே பூசி அடைப்பது. அந்தக் காலத்தில் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்கள், இப்போது எபாக்ஸி மாவு. இங்கே நடக்கும் தவறு, ஆர்வத்தில் அதிகமாகத் திணிப்பது. கோடையில் மரம் சுருங்கி இடுக்கு அகலமாகத் தெரியும். அதை நம்பிக் கெட்டியாக அடைத்தால், தண்ணீரில் இறங்கி மரம் ஊறும்போது இடம் இல்லாமல் பலகை தள்ளி ஆணியைப் பிடுங்கும். படகை இறக்கிய முதல் ஓரிரு இரவு கொஞ்சம் நீர் கசிவது இயல்பு. பம்புடன் ஒரு ஆள் படகிலேயே படுக்க வேண்டும்.

அடியில் பொருத்திய துத்தநாகக் கட்டியைப் பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். உப்புநீரில் புரொப்பல்லரும் ஷாஃப்டும் அரிக்காமல் இருக்க அதுதான் தன்னைக் கொடுக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று அதன்மேலும் பெயின்ட் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயின்ட் அடித்தால் அது வெறும் உலோகத் துண்டு.

9. போன வருஷம் மரத்து மேல பைபர் ஒட்டினோம், மூணே மாசத்துல கொப்புளம் கிளம்பிடுச்சு. ரெசின் கலப்படமா?

பெரும்பாலும் ரெசின் (பைபரை ஒட்டும் பசை) குற்றமில்லை, ஈரம்தான். மரம் வெளியே காய்ந்தாலும் உள்ளே ஊறியிருக்கும். ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளை மரத்தின்மேல் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காய வேண்டும். பழைய பெயின்ட், டீசல் கறை இருந்தாலும் பிடிக்காது, மரம் தெரியும் வரை தேய்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வெயில். ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 15 மில்லி வரை என்பது பொதுக் கணக்கு. சித்திரையில் குறைந்த அளவிலேயே நில்லுங்கள். அதிகம் ஊற்றினால் வாளியிலேயே சூடாகி இறுகும், கண்ணாடியிழை விரிப்புக்குள் ஊறாது. கால் மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவே கலக்குங்கள். விடிகாலையில் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் நிறுத்திவிடுவது நல்லது.

இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, கடைசியில்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்த்தால் தீப்பிடித்து வெடிக்கும். ஒரே கரண்டியை இரண்டு டப்பாவிலும் விடுவதும் அதே ஆபத்துதான்.

10. ரெண்டு மாசம் நிக்குற எஞ்சினை என்ன பண்ணி வைக்கணும்?

படகு தண்ணீரில் இருந்தால் வாரம் ஒருமுறை அரை மணி ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். கரையேற்றியிருந்தால் ஓட்டிப் பார்க்கவே கூடாது. கடல்நீர் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். டீசல் டேங்க் ஒன்று முழுசாக நிரம்பியிருக்க வேண்டும், அல்லது முழுசாகக் காலியாக இருக்க வேண்டும். பாதி டேங்கில் இரவு நேரத்தில் காற்றின் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். ஜூன் 15 அன்று நடுக்கடலில் எஞ்சின் திணறுவதற்குப் பாதி காரணம் இதுதான். கியர் ஆயிலை இறக்கிப் பாருங்கள், பால் கலந்த மாதிரி இருந்தால் ஆயில் கூலரில் ஓட்டை, கடல்நீர் உள்ளே வந்திருக்கிறது.

ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் நீர் புகாமல் அடைக்கும் கிளாண்ட் பேக்கிங்கை மாற்றினால், ஒரு சொட்டுக்கூட விழாமல் முறுக்க வேண்டாம். ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தால்தான் ஷாஃப்ட் குளிரும். முழுசாக இறுக்கினால் சூடேறித் தேய்ந்து பள்ளம் விழும்.

11. வலையை எப்படி வைக்கிறது? அந்த 40 மில்லிமீட்டர் எதை அளக்கிறது?

வலையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, தரையில் படாமல் பலகை மேல் மடித்து வையுங்கள். வெயிலில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவது பார்க்கப் பத்திரம்போல் இருக்கும். ஆனால் நைலானுக்கு முதல் எதிரி வெயில், இரண்டாவது எலி. மீன் வாடை போகாத வலையில் எலி ஒரே இரவில் நூறு கண்ணியைக் கடித்துவிடும். பொத்தும்போது கிழிசலின் ஓரத்தைச் சீராக வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். பழைய நூலோடு புது நூலை முடிந்தால் பழையது முதல் இழுப்பில் அறுந்துவிடும்.

40 மி.மீ. என்பது இழுவலையின் மடியில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கண்ணி. கண்ணியின் ஒரு பக்கத்தை அளந்துவிட்டு "20 தான் இருக்கிறது" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கண்ணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுக்கு நடுவே அளக்க வேண்டும். நனைந்த வலையில் அளப்பதுதான் சரி. மீன்வளத் துறை தடைக்காலத்தில் விசைப்படகுகளை ஆய்வு செய்ய வரும்போது படகின் பதிவு ஆவணம், எஞ்சின், வலை எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பெயின்ட் அடிக்கும் ஆள் பதிவு எண்ணை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. எங்க வீட்ல அண்ணனும் நானும் ரெண்டு பேரும் கடலுக்குப் போறோம், ரெண்டு பேருக்கும் எட்டாயிரம் வருமா?

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், ஆளுக்கு அல்ல. முன்பு 5,000 ஆக இருந்தது. அண்ணனுக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால் அவர் தனிக் குடும்பம், ஒரே கார்டு என்றால் ஒரே தொகை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் விவரம் சரியாக இருக்க வேண்டும். பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கு: பல மாதம் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியது, ஆதார் இணைக்காதது, பெயரின் எழுத்து கார்டில் ஒன்றும் பாஸ்புக்கில் ஒன்றுமாக இருப்பது. இதைப் பங்குனியிலேயே சரிபார்ப்பது நல்லது.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் தனி. அதில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகளின் பங்கு 3,000 சேர்ந்து 4,500 ஆகத் திரும்பும். படகுகளில் கூலிக்கு வரும் ஸ்ரீகாகுளம் ஆட்களுக்கு நம் நிவாரணம் கிடையாது, அவர்களுக்கு ஆந்திர அரசின் உதவி ஊரில்தான். அதனால்தான் ஏப்ரல் 15 தாண்டியதும் மொத்தமாக ரயிலேறிவிடுகிறார்கள்.

13. பங்குனியில போட்ட கருவாடு, தடைக்காலத்துல போட்ட கருவாடு, எது நல்லது?

வெயில் சித்திரையில் நல்லது, மீன் பங்குனியில் நிறைய. தடைக்காலத்தில் புதிதாகப் போடப்படுவது பைபர் படகு நெத்திலியும் காரப்பொடியும்தான். உப்பில்லாமலே இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். பெரிய மீன் கருவாடு அநேகமாகப் பங்குனிச் சரக்கு: மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு வைத்து ஊறவைத்துக் காயப்போட்டது. மணலில் போடாமல் உயரக் கட்டிய வலைப்பந்தலில் காயவைத்ததைக் கேட்டு வாங்குங்கள், கழுவும்போது வித்தியாசம் தெரியும். மேலே இளஞ்சிவப்பாகப் படலம் பூத்திருந்தால் அது உப்பில் வளரும் கிருமி. துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

14. படகு கரையிலதானே இருக்கு, புயல் கூண்டு ஏத்தினா நமக்கு என்ன?

மே மாதத்தில் வங்கக் கடலில் புயல் வருவது புதிதல்ல: 2010-இல் லைலா, 2020-இல் அம்பன், 2021-இல் யாஸ். தடைக்காலத்தில் எல்லாப் படகும் ஒரே துறைமுகத்தில் தோளோடு தோள் நிற்கும். ஒன்றின் கயிறு அறுந்தால் பத்துப் படகு நசுங்கும். 1-ஆம் எண் கூண்டு என்றால் தொலைவில் கடலில் தாழ்வு உருவாகியிருக்கிறது, 2 என்றால் தொலைவில் புயலாகிவிட்டது. 3 முதல் நம் துறைமுகத்துக்கே ஆபத்து நெருங்குகிறது. 1 ஏற்றிய அன்றே முன்னும் பின்னும் இரட்டைக் கயிறு, நடுவே டயர். கயிற்றை வில்போல் இறுக்காமல் நீர் ஏறி இறங்க இடம் விட்டுக் கட்டுங்கள். கரையேற்றும் மேடையில் முட்டுக் கொடுத்து நிற்கும் படகுக்குக் கூடுதல் முட்டு.

பைபர் படகுக்காரர்களுக்கு வேறு கவலை. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று திரும்புவது தாமதமாகும், கரைக்கு வர எதிர்க்காற்றில் எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும். போகிற வழிக்கு ஒரு பங்கு என்றால் வருகிற வழிக்கு இரண்டு பங்கு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஆபத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554.

15. வலையில பங்குனி ஆமை மாட்டி, அசைவே இல்லாம இருக்கு. செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடலாமா?

அவசரப்படாதீர்கள். பெயரே சொல்கிறபடி பங்குனியை ஒட்டி முட்டையிட நம் கரைக்கு வருவது அது. மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய பிராணி, வலையில் அமிழ்ந்தால் மயங்கிவிடும். வயிறு கீழே இருக்கும்படி வைத்து, பின்பகுதியை ஒரு சாண் உயர்த்துங்கள், நுரையீரலில் புகுந்த நீர் வடியும். நிழலில் வைத்து ஈரத் துணி போர்த்துங்கள், மூக்கை மூடிவிடாமல். தெளிய சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். தெளிந்ததும் எஞ்சினை நியூட்ரலில் வைத்து மெதுவாக நீரில் இறக்குங்கள். மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்குவது பழைய தவறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இருப்பதால் வைத்துக்கொள்வதோ விற்பதோ குற்றம். தவறுதலாக மாட்டியதை உயிரோடு விடுங்கள், அதற்கு யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை.

16. ஜூன் 15 காலையிலேயே வந்தா மீன் மலிவா கிடைக்குமா?

அன்று காலை படகுகள் கிளம்பிப் போவதைத்தான் பார்க்கலாம். கிட்டப் போகும் படகுகள் அன்று இரவோ மறுநாளோ திரும்பும். காசிமேட்டின் பெரிய படகுகள் பல நாள் தங்கித் தொழில் செய்பவை, ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு ஆந்திரக் கரை வரை போய்விடும், திரும்ப ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் நாட்களில்தான் விலை உண்மையில் இறங்கும். முதல் ஞாயிறு மக்கள் குவிவதால் மீன் வந்தும் விலை இறங்காது. அடுத்த செவ்வாயோ புதனோ வாருங்கள், டப்பாவை மறக்காமல்.